ஒண்ணு போதும்டா!

பவுலிங் என்றதும் யார்க்கர், கூக்ளி என்று கற்பனையை ஓட்டாதீர்கள் பாஸ்! நான் சொல்வது மால்களில் கலர் கலர் லைட்டுக்கு நடுவே பந்தை உருட்டி, தூரத்தில் நிற்கும் பத்து பின்களைச் சாய்ப்பார்களே... அந்த டென்பின் பவுலிங்!

அதில் மனுஷனை அழவைக்கிற காட்சி ஒன்று உண்டு. பந்தை உருட்டிவிட்டு 'போச்சுடா, பத்தும் காலி!' என்று கையைத் தூக்குவீர்கள். படபடவென்று எட்டு பின் விழும். மிச்சம் ரெண்டு. ஒன்று இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம். நடுவில் லாரி போகிற அளவுக்குக் காலி இடம். சண்டை போட்ட ரூம்மேட்டுகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டு ரெண்டும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

இதற்குப் பெயர் ஸ்ப்ளிட். இந்த ஸ்ப்ளிட் என் வாழ்க்கையில் உண்மையாகவே ரெண்டு ரூம்மேட்டுகளை ஆளுக்கொரு மூலையில் நிற்கவைத்த கதைதான் இது. அதில் ஒரு ரூம்மேட் அடியேன். இன்னொருத்தன் 'தாத்தா'.

பயப்படாதீர்கள், அவனுக்கும் என் வயசுதான். ராத்திரி ஒன்பதரைக்கே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான். எதற்கெடுத்தாலும் 'பார்த்துடா, நிதானம்டா' என்பான். ஹாஸ்டலில் இது போதாதா? முதல் வருஷமே பட்டாபிஷேகம் நடத்திவிட்டோம்.

எங்கள் காலேஜ் சென்னையின் ஓரத்தில். ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு பஸ் மாறினால் மால். அங்கே வார நாட்களில் மதியம் ஸ்டூடன்ட்ஸுக்கு ரேட் குறைவு. செகண்ட் இயரில் ஒருநாள் ஏ.சி.க்காக உள்ளே போனவர்கள், பந்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வர மனசில்லாமல் நின்றோம். அப்புறம் என்ன... பாக்கெட் மணி முழுக்க வாடகை ஷூவுக்கும் ஆட்டத்துக்கும்தான்.

விளையாடாதவர்களுக்காக ஒரு குட்டி கோச்சிங். ஆட்டத்துக்கு 10 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு ரெண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். மிச்சத்தை ரெண்டாவது பந்தில் முடித்தால் ஸ்பேர். ஸ்பேருக்கு 10 பாயின்ட்டோடு, அடுத்த பந்தில் எத்தனை விழுகிறதோ அதுவும் போனஸ். கடைசி ஃப்ரேமில் ஸ்பேர் எடுத்தால் கூடுதலாக ஒரு பந்து தருவார்கள்.

எல்லோருக்கும் ஸ்ட்ரைக் மேல்தான் காதல். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லாமல், முதல் பந்தில் 9, ரெண்டாவதில் 1 என்று பத்து ஃப்ரேமும் ஸ்பேராக எடுத்து, போனஸ் பந்திலும் 9 அடித்தால் மொத்தம் 190! நம்ம மாதிரி ஆட்கள் 120 எடுத்தாலே டிரீட் கேட்பார்கள். இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவன் தாத்தா. அவன் ஸ்ட்ரைக் அடிப்பது அபூர்வம். ஆனால் ஒத்தைப் பின் நின்றால் விடமாட்டான். நான் அதற்கு நேரெதிர். சிக்ஸர் கேஸ். விழுந்தால் பத்து, இல்லாவிட்டால் பள்ளம்.

பின்களின் நம்பரையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும். முன்னால் தனியாக நிற்பது 1. அடுத்த வரிசை 2, 3. அதற்கடுத்து 4, 5, 6. கடைசி வரிசை 7, 8, 9, 10. எல்லாம் இடமிருந்து வலம். பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு நடுவே 12 இஞ்ச். நாம் நிற்கும் கோட்டிலிருந்து 1-ம் நம்பர் பின்வரை 60 அடி.

போன வருஷம் அந்த மாலில் காலேஜ் பசங்களுக்கு டபுள்ஸ் போட்டி வைத்தார்கள். ஜோடிக்கு முதல் பரிசு 6,000 ரூபாய். எனக்கு அது கெத்து. தாத்தாவுக்கு அது வேறு.

அந்த செமஸ்டரில் அவனுக்கு மெஸ் பில் பாக்கி 2,800 ரூபாய். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கேட்க மனசில்லை. பாக்கி கட்டினால்தான் ஹால் டிக்கெட். "ஆளுக்கு 3,000 வருதுடா. 2,800 போக 200 மிச்சம். உனக்கு பிரியாணி" என்று முந்தின நாள் ராத்திரி கணக்குப் போட்டுச் சொன்னான். தூக்கம் வராமல் பதினோரு மணிவரை முழித்திருந்தான். தாத்தா பதினோரு மணிவரை! அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஃபைனல் வந்துவிட்டோம். எதிர் ஜோடி ஆடி முடித்து, ரெண்டு பேருமாக 251. தாத்தாவும் முடித்துவிட்டான். மிச்சம் என்னுடைய பத்தாவது ஃப்ரேம் மட்டும்தான். அதுவரை நாங்கள் 243.

முதல் பந்து. சூப்பராக நடுவில் போய் முட்டியது. எட்டு விழுந்தது. 251. சமம்! நின்றது 4-ம் 10-ம். இடது பக்கம் ஒன்று, வலது கோடியில் ஒன்று.

இப்போது எனக்கு வேண்டியது ஒரே ஒரு பின். எதுவாக இருந்தாலும் சரி. விழுந்தால் கப் நமக்கு.

ஆனால் பின்னால் எங்கள் கிளாஸ் பாதி நின்றுகொண்டிருந்தது. 'ஸ்ப்ளிட்! ஸ்ப்ளிட்!' என்று ஒரே கத்தல். ஏழெட்டு செல்போன் கேமரா என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. 4-ஐ இடது ஓரத்தில் லேசாக உரசினால் அது குறுக்கே பறந்துபோய் 10-ஐத் தட்டும் என்று வீடியோவில் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் மெஸ் பில்லா ஞாபகம் வரும்? வீடியோதான் வந்தது.

ஓரமாகக் குறிவைத்து விட்டேன். பந்து 4-ம் நம்பர் பின்னைத் தொடவே இல்லை. பக்கத்தில் வந்து, டாட்டா காட்டிவிட்டு, பள்ளத்தில் விழுந்தது. கட்டர் பால்! நம்ம பாஷையில் சாக்கடை.

சமம் என்பதால் ஆளுக்கொரு பந்து வைத்து டை-பிரேக். அவர்கள் 9, 8. தாத்தா 8. எனக்குக் கை நடுங்கியதில் 6. முடிந்தது. ரெண்டாம் பரிசாக ஆளுக்கொரு டி-ஷர்ட் கொடுத்தார்கள்.

தாத்தா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஷூவைக் குடுத்துட்டு வா, பஸ் போயிரும்" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் ரூமில் நடந்த மொத்தப் பேச்சு 'லைட்டை அணைக்கவா?', 'ம்.'

அவன் காலேஜ் வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ப்ராஜெக்ட் சீசன், ஸ்பைரல் பைண்டிங் மலைபோலக் குவியும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் ரூமுக்கு வருவான். ஒன்பதரை தாத்தா!

எனக்கு உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் சாரி சொல்லவில்லை. ஏன் தெரியுமா? நான் ஒரு பெரிய பிளான் வைத்திருந்தேன். 2,800 ரூபாயையும் எப்படியாவது சேர்த்து, ஒரு கவரில் போட்டு, அவன் தலையணைக்கடியில் வைத்து, கட்டிப்பிடித்து... சினிமா கிளைமாக்ஸ்! மூன்று வாரத்தில் சேர்ந்தது 900.

அந்த 900-ஐயும் வைத்துக்கொண்டு ஒருநாள் காலையில் தனியாக மாலுக்குப் போனேன். விளையாட அல்ல. அந்த 4-10 என்னைத் தூங்கவிடவில்லை. அதை எடுக்கவே முடியாதா என்று தெரிய வேண்டும்.

அங்கே மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் உண்டு. பின்களை அடுக்கும் மெஷினுக்குப் பின்னால்தான் அவருடைய உலகம். பந்து மாட்டினால், பின் சிக்கினால் ஓடி வருவார். எங்களுக்கு ரெண்டு வருஷப் பழக்கம். கடை திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"வா, பின்னாடி வந்து பாரு."

முன்னால் டிஸ்கோ லைட்டும் பாட்டும். பின்னால் கிரீஸ் வாசனையும் பெல்ட்டு சத்தமும். ஒரு பின்னை எடுத்துக் கையில் கொடுத்தார். நான் இத்தனை நாள் பிளாஸ்டிக் என்றே நினைத்திருந்தேன். உள்ளே மேப்பிள் மரம், மேலேதான் பிளாஸ்டிக் பூச்சு. உயரம் 15 இஞ்ச். எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே.

"தம்பி, நல்லா அடிக்கிறவன் ஸ்ட்ரைக் போடுறான்ல, அதுல பந்து எத்தனை பின்னைத் தொடும் சொல்லு?"

"பத்தும்தாண்ணே?"

"நாலே நாலு. 1, 3, 5, 9. மிச்ச ஆறையும் பின்னுதான் சாய்க்குது. 1 போய் 2-ஐ, 2 போய் 4-ஐ, 4 போய் 7-ஐ. இந்தப் பக்கம் 3 போய் 6-ஐ, 6 போய் 10-ஐ. 5 போய் 8-ஐ. வலது கைக்காரன் 1-க்கும் 3-க்கும் நடுவுல குடுத்தா இந்த சங்கிலி ஓடும். நீ 1-ஐ நெத்தியில முட்டுற. முட்டினா என்ன ஆகும்? நடு பின்னெல்லாம் நேராப் பின்னாடி போயிடும். ஓரத்துல நிக்கிறதைத் தட்ட ஆளே இருக்காது. அதான் ஸ்ப்ளிட்."

அட! 'சூப்பராக நடுவில் முட்டியது' என்று நான் பெருமைப்பட்ட பந்துதான் ஸ்ப்ளிட்டுக்கே காரணம்!

அண்ணன் ஒரு லேனில் மெஷினை நிறுத்திவிட்டு, கையாலேயே 4-ஐயும் 10-ஐயும் மட்டும் நிற்கவைத்தார். ஒதுங்கி நின்று குரல் கொடுத்தார். "விடு!"

விட்டேன். விட்டுக்கொண்டே இருந்தேன். மொத்தம் 40 பந்து. 4 மட்டும் விழுந்தது 26 தடவை. பள்ளத்தில் 13. ரெண்டும் விழுந்தது... ஒரே ஒரு தடவை. அதுவும் 31-வது பந்து. கத்தினேன். காலி மாலில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

அண்ணன் டீ கொண்டுவந்தார். டிஷ்யூ பேப்பரில் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். இன்ஜினீயரிங் படிக்கிறோமே, எதற்காவது உபயோகப்படட்டும்! பந்தின் குறுக்களவு சுமார் 8.5 இஞ்ச். பின்னின் பெருத்த இடத்தில் 4.75 இஞ்ச். அப்படியென்றால் 4-ம் நம்பர் பின்னை எங்கேயாவது தொட்டால் போதும் என்றால், பந்து வருவதற்கு 13 இஞ்ச் அகலமான ரோடு இருக்கிறது. ஆனால் அது குறுக்கே போய் 10-ஐத் தட்டவேண்டும் என்றால்? எல்லாம் சுத்த வட்டமாக மோதுகிறது என்று வைத்துக்கொண்டாலே கிடைக்கும் ரோடு சுமார் அரை இஞ்ச். அந்த அரை இஞ்சும் எங்கே இருக்கிறது? பள்ளத்துக்கு இரண்டரை இஞ்ச் பக்கத்தில்!

13 இஞ்சா, அரை இஞ்சா? நான் அரையைக் கேட்டிருக்கிறேன்.

அண்ணன் அந்த டிஷ்யூவைப் பார்த்தார். "கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. அன்னைக்கு நானும் பின்னாடியிருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். உனக்கு ரெண்டு பின்னு தேவைப்படலையே. ஒண்ணுதான தேவைப்பட்டுச்சு? நீ ஏன் ரெண்டைக் கேட்ட?"

டீ தொண்டையில் நின்றது.

பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்டது. 2,800 ரூபாய், கவர், கிளைமாக்ஸ் கட்டிப்பிடி... மூன்று வாரமாக நான் அதே 4-10-ஐத்தானே குறிவைத்துக்கொண்டிருக்கிறேன்? பக்கத்தில், 13 இஞ்ச் அகலத்தில், ஒரு 'சாரி' சும்மா நின்றுகொண்டிருக்கிறது. அதைத் தொடவே இல்லை.

நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தாத்தா ஒரு தீசிஸுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். 900-ஐ டேபிளில் வைத்தேன்.

"தப்பு என்னோடது மச்சான். ஒண்ணை எடுத்திருக்கணும். சாரிடா."

அவன் நிமிரவில்லை. ஒரு கட்டுப் பேப்பரை என் பக்கம் தள்ளினான். "பேஜ் நம்பர் பார்த்து அடுக்கு."

அடுக்கினேன். ராத்திரி பதினோரு மணிவரை 14 ப்ராஜெக்ட் ரிப்போர்ட். ஷட்டரை இழுத்துவிட்டு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"பணம் போனதுகூட இல்லடா. ரெண்டாவது பந்து எடுக்குறதுக்கு முன்னாடி நான் பின்னால நின்னு விரலைக் காட்டிக்கிட்டே இருந்தேன். ஒண்ணு போதும்டா, ஒண்ணு போதும்னு. நீ கூட்டத்தைப் பார்த்த, கேமராவைப் பார்த்த. என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல."

கட்டர் பாலைவிட அது வலித்தது. டபுள்ஸ் ஆடினேன் என்று நினைத்திருக்கிறேன். நான் தனியாகத்தான் ஆடியிருக்கிறேன்.

மெஸ் பில் கட்டினோம். என் 900, அவன் சம்பளம், மிச்சத்துக்கு நானும் ரெண்டு வாரம் ஸ்பைரல் மாட்டினேன். ஹால் டிக்கெட் வந்தது. அதற்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து மெக்கானிக் அண்ணனிடம் ஸ்ப்ளிட் பாடம் படித்தோம். அந்தப் பாடம் இங்கே இலவசம். நோட் பண்ணிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பேபி ஸ்ப்ளிட். 3-10 அல்லது 2-7. பேர் மாதிரியே குழந்தை. 3-10 என்றால் 3-ன் வலது பக்கத்தை உரசிக்கொண்டு பந்தே போய் 10-ஐயும் தட்டிவிடும். 2-7 அதன் கண்ணாடி பிம்பம். கண்ணை மூடிக்கொண்டு ரெண்டுக்கும் போகலாம்.

ரெண்டாவது, பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. 4-5, 5-6, 7-8, 9-10. நடுவில் இருக்கும் சந்து 7.25 இஞ்ச். பந்து 8.5 இஞ்ச். அதாவது, நடு சந்தில் பந்து நுழைந்தாலே ரெண்டையும் தொட்டாக வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஒன்று நிச்சயம். தைரியமாகப் போகலாம்.

மூன்றாவது, சறுக்கல் கேஸ். 5-7, 5-10, 4-10, 6-7. இதில் முன் வரிசைப் பின்னைப் பக்கவாட்டில் தட்டி, பின் வரிசைப் பின்மேல் அனுப்ப வேண்டும். 5-7 என்றால் 5-ன் வலது பக்கம். என் டிஷ்யூ கணக்குப்படி இதற்கு ஒன்றரை இஞ்ச் ரோடு உண்டு. 4-10-ஐவிட மூன்று மடங்கு! இதில் முரட்டு வேகம் உதவாது. 'வேகமா விட்டா பின்னு எகிறிக் குதிச்சு மேல போயிடும். மிதமா விட்டா தரையோட சறுக்கும்' என்பார் அண்ணன்.

நான்காவது, ஒரே வரிசையில் தள்ளி நிற்பவை. 4-6, 7-9, 8-10, கடைசியாக எமன் 7-10. முன்னே பின்னே இல்லாமல் நேர்கோட்டில் நிற்பதால், ஒன்றைச் சறுக்கவிட்டு இன்னொன்றைத் தட்ட முடியாது. ஒரு பின் ஓரச் சுவரிலோ பின்னால் இருக்கும் குழியிலோ மோதித் திரும்பி வந்தால்தான் உண்டு. 7-க்கும் 10-க்கும் நடுவே 36 இஞ்ச். தொழில்முறை ஆட்டக்காரர்களே 1,000 தடவையில் 7 தடவைதான் இதை எடுக்கிறார்கள். இதைவிட மோசம் 'கிரீக் சர்ச்' என்று அவர்கள் சொல்லும் 4-6-7-9-10. ஐந்து பின் நிற்கும். 1,000-க்கு 3.

இன்னொரு டிப்ஸ்: பின்னைப் பார்த்து விடாதீர்கள். கோட்டிலிருந்து சுமார் 15 அடியில் லேனில் ஏழு அம்புக்குறி இருக்கும். அதில் ஒன்றைப் பார்த்து விடுங்கள். 60 அடியைக் குறிவைப்பதைவிட 15 அடியைக் குறிவைப்பது சுலபம்தானே? வலது கைக்காரர் இடது பக்கப் பின்னுக்கு, லேனின் வலது பக்கம் தள்ளி நின்று குறுக்காக விடவேண்டும். வலது பக்கப் பின்னுக்கு இடது பக்கம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டிப்ஸ் இருக்கிறது. அது தாத்தாவுடையது. 'பந்தை எடுக்குறதுக்கு முன்னாடி ஸ்கோர் போர்டைப் பாரு. எத்தனை வேணுமோ அதைக் கேளு.'

உடனே 'அப்போ ரிஸ்க்கே எடுக்கக் கூடாதா தலைவா?' என்று கொடி பிடிக்காதீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

இந்த வருஷம் அதே மாலில் அதே போட்டி. இந்தத் தடவை செமி ஃபைனல். எதிர் ஜோடி 268. தாத்தா முடித்துவிட்டான். மறுபடியும் பத்தாவது ஃப்ரேம் என் கையில். அதுவரை நாங்கள் 250. முதல் பந்தில் எட்டு. 258. நிற்பது... நம்புங்கள், மறுபடி ஸ்ப்ளிட். 5-7.

இந்தத் தடவை கூட்டம் குறைவுதான். ஆனாலும் 'ஸ்ப்ளிட்! ஸ்ப்ளிட்!' ஆரம்பித்துவிட்டது. பந்தைத் தொடவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

தாத்தா ஸ்கோர் போர்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ரெண்டு விரலைக் காட்டினான்.

கணக்கு புரிகிறதா? ஒன்றை எடுத்தால் 259. பத்திரமாகத் தோற்கலாம். ரெண்டையும் எடுத்தால் 260, கூட ஒரு போனஸ் பந்து. அதில் 9 அடித்தால் 269. ஜெயிக்க இருந்த ஒரே வழி அதுதான். போன வருஷம் ரெண்டைக் கேட்டது முட்டாள்தனம். இந்த வருஷம் ஒன்றைக் கேட்டிருந்தால் அதுதான் முட்டாள்தனம்.

வலது பக்கம் தள்ளி நின்றேன். அம்புக்குறியைப் பார்த்தேன். மிதமான வேகம். பந்து 5-ன் வலது கன்னத்தில் ஒரு தட்டு. 5 படுத்துக்கொண்டு, தரையோடு தரையாக இடது மூலைக்குச் சறுக்கியது. 7-ன் காலை வாரியது. ரெண்டும் காலி! மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. யார் என்று சொல்லவேண்டுமா?

தாத்தா ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டான். தாத்தா! தூக்கிவிட்டான்! சினிமா கிளைமாக்ஸ் கிடைத்தேவிட்டது.

அப்புறம் போனஸ் பந்து. 9 வேண்டும். விட்டேன்.

7.

267-க்கு 268. ஒரே ஒரு பின்னில் அவுட்! ஹி... ஹி... சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் சத்தியமாக, அன்றைக்கு ராத்திரி ரெண்டு பேரும் நிம்மதியாகப் பரோட்டா சாப்பிட்டோம். போன வருஷம் தோற்றபோது ஊரே தப்பு என்று தெரிந்த முடிவை எடுத்திருந்தேன். இந்த வருஷம் எடுத்த முடிவு சரி, பின்தான் விழவில்லை. ரெண்டு தோல்விக்கும் ருசியே வேறு பாஸ்.

அமெரிக்காவில் டி.வி.யில் ஒளிபரப்பான பி.பி.ஏ. போட்டிகளில் 7-10 ஸ்ப்ளிட்டை முதன்முதலில் எடுத்தவர் மார்க் ராத். 1980-ல். அதற்குப் பிறகு 1991-ல் ஜான் மாஸா, ஜெஸ் ஸ்டேரூக் என்று ரெண்டு பேர். அதற்கப்புறம் 30 வருஷம் டி.வி.யில் யாருமே எடுக்கவில்லை. 2021 ஏப்ரலில் யு.எஸ். ஓப்பனில் 18 வயசுப் பையன் ஆன்டனி நியூயர் எடுத்தான். அரங்கமே அலறியது. அந்த வீடியோவை நாங்கள் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை.

அந்த மேட்சில் நியூயர் ஜெயித்தானா? இல்லை. தோற்றுப்போனான். அதை எனக்குத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னவன் தாத்தாதான். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "பார்த்தியா, நம்ம ஜாதகம்டா அவனுக்கும்" என்றான்.

போன வருஷம் வாங்கின டி-ஷர்ட் ரெண்டும் கவர்கூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தன. மறுநாள் காலையில் கிளாஸுக்கு ரெண்டு பேரும் அதைப் போட்டுக்கொண்டு போனோம். 'என்னடா, யூனிஃபார்மா?' என்று கேட்டவர்களுக்கு ரெண்டு பேரும் ஒரே பதில்தான் சொன்னோம்:

"டபுள்ஸ் டீம் மச்சி!"